கொல்லைவாசல் செய்திகள்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பித் தேநீரைக் கையில் எடுத்த நேரம். கொல்லைவாசல் கதவை யாரோ தட்டும் ஓசை கேட்டது. முன்வாசல் வழியே வருபவர் விருந்தினர். கொல்லைவாசல் வழியே வருபவர் செய்தி கொண்டு வருபவர் என்பது எங்கள் ஊர் வழக்கு. கதவைத் திறந்தேன். பின்வீட்டு மாமி நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. முக்காட்டுத் துணியின் ஓரத்தை இரு கைகளாலும் குவித்து, அதற்குள் எதையோ பொத்தி வைத்திருந்தார்.

"தம்பி, கிணத்தடியிலே கிடந்துச்சு. சாகல, மூச்சு இருக்கு. இது எந்த ஊர்க் குருவின்னு பாருங்க" என்றார்.

துணியை மெல்ல விலக்கினேன். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மார்பு, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் ஒரு கீற்று நீலம், கண்ணுக்கு மை தீட்டியது போன்ற கருங்கோடு. வாலோ இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி குட்டையானது. வடநாட்டார் இதனை 'நவரங்' என்பர். நம்மவர் வைத்த பெயர் ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் தவறாமல் குரல் கொடுப்பதால் அப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இரவு நேரங்களில் பறந்து பறந்து தென்னகத்திற்கும் இலங்கைக்கும் வந்து சேரும் பறவை அது. அத்தனை தொலைவு பறந்து வந்து, களைப்பு மேலிட்டு, மாமியின் கிணற்றடியில் விழுந்திருக்கிறது.

"விருந்தாளி, மாமி. வடக்கேயிருந்து வந்திருக்கு" என்றேன்.

"அப்படியா? வந்த புள்ளைக்கு என்னா கொடுக்கலாம்?" என்று மாமி கேட்டார்.

ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் ஏறி இறந்துவிடக் கூடும். காற்றோட்டத்திற்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, பூனை எட்டாத இருட்டறையில் மாலை வரை வைத்திருந்தால் போதும். மாமி அவ்வாறே செய்தார். அரைமணி நேரத்திற்குள் எங்கள் தெருவின் கொல்லைவாசல்கள் அனைத்திற்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

வாசகர்களே, அந்தக் கொல்லைவாசல் செய்திகளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எங்கள் கரை

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே வந்தால் நிலம் முடிந்து நீர் தொடங்கும் இடம். கடற்கரை என்றதும் வெண்மணலையும் ஆர்ப்பரிக்கும் அலைகளையும் கற்பனை செய்து கொண்டு வருகிறவர்கள் இங்கு ஏமாந்து போவார்கள். எங்கள் கடல் பாக் நீரிணையின் கடல். இலங்கைத் தீவு கிழக்கே கையை விரித்து நிற்பதால் பேரலைகள் இங்கு எட்டிப் பார்ப்பதில்லை. ஆழமும் குறைவு. கரையோ பெரும்பாலும் மணலன்று; கால் வைத்தால் முழங்கால் வரை உள்வாங்கும் சேறு. ஒருபுறம் உப்பளங்கள், மறுபுறம் அலையாத்திப் புதர்கள், இவற்றுக்குப் பின்னால் தென்னந்தோப்புகள், அதற்கும் பின்னால் காவிரி நீர் பாயும் வயல்கள்.

அழகில்லாத கரை என்று சொல்வார் உண்டு. ஆனால் அந்தச் சேறுதான் எங்கள் செல்வம். சேற்றில் புழுவும் நண்டும் உண்டு. அவற்றைத் தின்ன உள்ளான்களும் கொக்குகளும் உண்டு. அலையில்லாத ஆழமற்ற கடலில் வெயில் தரைவரை இறங்குவதால் கடற்புல் மேய்ச்சல் நிலம்போல் வளர்கிறது. அந்தப் புல்லை மேயவும் ஓர் உயிர் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மதிலுக்கு மதில் ஒரு நாளேடு

எங்கள் ஊர் வீடுகள் முன்னால் ஒடுங்கியும் பின்னால் நீண்டும் இருக்கும். வீட்டின் பின்னே முற்றம், கிணற்றடி, அதற்கப்பால் கொல்லை. கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு மாதுளை, வசதியுள்ளவர் வீட்டில் ஒரு வாதுமை மரம். ஆண்களில் பலர் மலேயாவுக்கும் பின்னாளில் அரபு நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றுவிட, ஊரில் இருந்து கொல்லையைப் பார்த்தவர்கள் பெண்கள். ஆகவே இந்த ஊரின் பறவைகளையும் பூச்சிகளையும் நன்கறிந்தவர்கள் அவர்களே. எந்தக் கல்லூரியிலும் அவர்கள் விலங்கியல் படித்ததில்லை. ஆனால் முருங்கை பூக்கும் வாரம் தேன்சிட்டு வரும் என்பதும், தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகக் கூடிக் கூச்சலிட்டால் அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது என்பதும், செம்போத்து திரியும் கொல்லையில் நத்தைத் தொல்லை குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

என் உம்மா பினாங்கில் இருந்த வாப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் சில இன்றும் என்னிடம் இருக்கின்றன. குடும்ப நலம், பணம் வந்து சேர்ந்த விவரம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்குப் பின், கடைசிப் பத்தியில் கொல்லைச் செய்தி இருக்கும். திண்ணைக் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டி இரண்டு முட்டை இட்டிருப்பது, மாதுளையின் இரண்டு இலைகளைப் பஞ்சு கொண்டு தையல்சிட்டு தைத்திருப்பது, வாதுமைப் பழத்திற்கு இரவெல்லாம் வௌவால்கள் வந்து தூக்கம் கெட்டது, மரநாய் ஒன்று ஓட்டின் மேல் நடந்தது என்று எழுதியிருப்பார். வாப்பாவும் மறுகடிதத்தில் மறவாமல், "குஞ்சு பொரித்து விட்டதா?" என்று கேட்டிருப்பார். கடல் கடந்து வாழ்ந்தவருக்கு வீடு எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கடைசிப் பத்திதான் காட்டியிருக்க வேண்டும் என்று, நானும் துபாயில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய பிறகே உணர்ந்தேன்.

இந்தச் செய்திகள் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. "ராத்தா, உங்க முருங்கையிலே மரங்கொத்தி கொத்துதே, பாத்தியளா?" என்று ஒரு குரல் மதிலுக்கு அப்பாலிருந்து வரும். "அது காலையிலே எங்க தென்னையிலே இருந்துச்சு" என்று இன்னொரு மதில் விடை சொல்லும். நான்கு வீட்டுச் செய்திகளைக் கோத்துப் பார்த்தால் அந்த மரங்கொத்தியின் ஒருநாள் வாழ்க்கை முழுவதும் நம் கையில் இருக்கும்.

கடல் தரும் செய்தி

கொல்லைச் செய்தி பெண்களுடையது என்றால் கடற்செய்தி மீனவர்களுடையது. ஏரிப்புறக்கரையிலிருந்து மீன் கொண்டு வரும் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம். என்னைக் காக்கா என்றும், என் துணைவியை ராத்தா என்றும் அழைப்பார். கூடையை இறக்குமுன் செய்தியை இறக்குவார். உப்பளத்துப் பக்கம் பூநாரைகள் இறங்கியிருக்கின்றன என்பார். பங்குனி ஆமை ஒன்று வலையருகே தலை நீட்டியது என்பார். அந்த ஆமை முட்டையிட மணற்கரை வேண்டும் என்பதால் எங்கள் சேற்றுக் கரையில் ஏறுவதில்லை. கிழக்கே கோடியக்கரை மணலை நாடிச் செல்லும்.

அவருடைய அழைப்பின் பேரில்தான் ஒரு தை மாதத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் காணச் சென்றோம். எங்கள் ஊருக்குக் கிழக்கே, திருவாரூர் மாவட்டத்தில் உள்ள முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றின் வழியே கடலை நோக்கிச் செல்ல வேண்டும். இருமருங்கிலும் பசுஞ்சுவர் எழுப்பியதுபோல் அலையாத்தி மரங்கள். அலையை ஆற்றும் மரம் என்பதால் அப்பெயர் பெற்றது என்பர். சேற்றுக்குள் காற்றில்லாததால் அதன் வேர்கள் கீழே செல்வதோடு நில்லாமல், ஆயிரமாயிரம் குச்சிகளாய் மேல்நோக்கி எழுந்து மூச்சு விடுகின்றன. இலையை நாவில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. உவர்நீரைக் குடித்து, மிகுந்த உப்பை இலைவழியே வெளியேற்றும் வித்தை அம்மரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

நீர் வற்றிய சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், அக்கொடுக்கை அசைத்து அசைத்து யாரையோ அழைத்துக் கொண்டிருந்தன. மீனாய்ப் பிறந்தும் தரையில் தத்தித் தாவும் உளுவைகளைக் கண்டு என் பேரன் கைகொட்டிச் சிரித்தான். ஆறு முடிந்து காயல் விரிந்த இடத்தில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். தொலைவில் நீரின்மேல் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. உற்று நோக்கினால் அத்தனையும் பூநாரைகள்! நெடுங்கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் சலித்து உண்டு கொண்டிருந்தன. கரையோரப் புதரிலிருந்து நீர்நாய் ஒன்று தலையை உயர்த்தி எங்களைப் பார்த்துவிட்டு மூழ்கிப் போனது.

கோடியக்கரைச் சரணாலயத்தோடு இந்த முத்துப்பேட்டைக் காடும் சேர்ந்து, 2002ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அலுவல் நிமித்தம் உலகின் பல ஊர்களைக் கண்டுவிட்டேன். வீட்டுக்கு இத்தனை அருகில் இருந்த இந்த இடத்தைக் காண எனக்கு ஐம்பது வயது ஆகியிருக்கிறது.

நான் செய்த பிழை

செய்தியைப் பகிர்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை நான் கற்றது என் பிழையினால்.

1996ஆம் ஆண்டு, விடுமுறையில் ஊர் வந்திருந்தேன். மார்கழி மாதம். ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஏரியில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான வாத்துகளைக் கண்டேன். ஊசிபோல் வால் நீண்ட ஊசிவால் வாத்துகள். வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வருபவை. கண்டதை மனத்தில் அடக்க முடியவில்லை. தேநீர்க் கடையில் அமர்ந்து, எந்த ஏரி, எந்த மூலை, எந்த நேரம் என்று எல்லாவற்றையும் பெருமையாக விவரித்தேன். வியந்து கேட்டார்கள். மூன்றாம் நாள் மீண்டும் சென்றபோது ஏரியில் ஒரு வாத்தும் இல்லை. கரையில் இறகுகள் கிடந்தன. இரவோடிரவாக யாரோ வலை விரித்திருக்கிறார்கள். அன்று பிற்பகல் சாலையோரத்தில், கால்கள் கட்டப்பட்ட வாத்துகள் தலைகீழாகத் தொங்கியபடி விலைக்கு இருந்தன. அவற்றின் கண்கள் திறந்திருந்தன.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "கூட்டிலே முட்டை இருக்குன்னு நாங்க மதிலோட பேசுவோம், தெருவிலே பேச மாட்டோம் வாப்பா" என்றார். அவ்வளவுதான். யாரிடம், எதை, எந்த அளவுக்குச் சொல்வது என்று நான் அறியாத ஒரு நெறி அந்தப் பெண்களிடம் அத்தனை காலமும் இருந்திருக்கிறது. கூடு இருக்கும் இடம் கொல்லையைத் தாண்டிப் போகாது. குஞ்சு பறந்து போன பிறகே அந்தக் கதை ஊருக்குத் தெரியவரும்.

பறவை அறிஞர் சாலிம் அலி அவர்களும் இளமையில் துப்பாக்கியோடு தொடங்கியவரே. பத்து வயதுச் சிறுவனாகத் தாம் சுட்ட ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் புள்ளியைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றதுதான் அவர் வாழ்வின் திருப்பம். 1896இல் பிறந்து 1987இல் மறைந்த அவர், இந்தியப் பறவையியலின் தந்தையாகப் போற்றப்படுகிறார். பிழையில் தொடங்குவது இழிவன்று. அதிலேயே நின்றுவிடுவதுதான் இழிவு என்று அவர் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஆறுதல் பிறந்தது.

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. எங்கள் வட்டாரத்தின் தென்னைகள் தீக்குச்சிகள்போல் முறிந்து வீழ்ந்தன. தலைமுறை தலைமுறையாய்த் தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஒரே இரவில் வெறுங்கையராயின. அலையாத்திக் காடும் இலையுதிர்ந்து பழுப்பேறி நின்றது. என் கொல்லையில் இருந்த இரண்டு தென்னைகளும் வாதுமையும் சாய்ந்தன. மாமி வீட்டு வேம்பு மட்டும் பாதிக் கிளைகளோடு தப்பியது.

மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் எங்களை அச்சுறுத்தியது இருளன்று, விடியலின் அமைதி. குயில் இல்லை, மைனா இல்லை, தவிட்டுக் குருவிகளின் சண்டை இல்லை. மதிலுக்கு மதில் பேச்சும் அற்றுப் போயிற்று. சொல்வதற்கு என்ன இருந்தது?

சில வாரங்களுக்குப் பின் ஒரு காலை மாமியின் குரல் கேட்டது. "தம்பி! செம்போத்து வந்துடுச்சு!" முறிந்த வேம்பின் கீழ்க் குவிந்திருந்த கிளைகளுக்கிடையே அது செந்நிற இறக்கையோடு நடந்து கொண்டிருந்தது. மதிலின் இருபுறமும் நாங்கள் சிறு பிள்ளைகளைப்போல் நின்று பார்த்தோம். வீழ்ந்த மரங்களை முற்றிலும் அப்புறப்படுத்திச் சிமெண்டுத் தளம் போடலாம் என்றிருந்த என் மகன், அன்றே அந்த எண்ணத்தைக் கைவிட்டான். முருங்கையும் மாதுளையும் மீண்டும் நட்டோம். ஒரு மூலையில் சருகுகளைப் பெருக்காமல் விட்டோம்.

ஆவுளியா

கடற்புல்லை மேயும் உயிரைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அதுதான் கடற்பசு. கரையோர மக்கள் ஆவுளியா என்பர். மீன்போல் தோன்றினும் மீனன்று. குட்டி ஈன்று பாலூட்டுவது. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டி இறந்துவிடும். ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழாண்டுகள் வரை ஆகலாம். அதனால் ஒன்றை இழந்தாலும் பேரிழப்பு.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை வழங்கியிருந்தும், இக்கரையில் அதன் இறைச்சி மறைவாக விற்கப்பட்ட காலம் உண்டு. சிறுவயதில் ஒருமுறை எங்கள் வீட்டு அடுப்பிலும் அது வெந்தது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது அருகிக் கொண்டிருக்கிறது என்பதை அறியார்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு காலை, மீனவ நண்பர் கூடையில்லாமல் வந்தார். வாசலிலேயே நின்று, "காக்கா, நேத்து வலையிலே ஆவுளியா மாட்டிச்சு. குட்டியும் பக்கத்துலேயே சுத்திச் சுத்தி வந்துச்சு. வலையை அறுத்து விட்டுட்டேன்" என்றார். அறுத்த வலை அவருடைய பல நாள் உழைப்பு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. "தாயும் புள்ளையுமாப் போச்சு காக்கா" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். இவ்வாறு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் வழங்கி வருகிறது. ஆனால் கத்தியை வலையில் வைத்த கணத்தில் அவர் தொகையை எண்ணியிருக்க மாட்டார் என்று நான் உறுதியாகக் கூறுவேன்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான எங்கள் கடல் அது. அறிவிப்பு அரசினுடையது, அதைக் காப்பது, கண்டதைக் கண்டவுடன் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லும் மீனவர்களின் நாவும், சொல்லக் கூடாத இடத்தில் அடங்கும் நம் நாவுமே.

மாலை ஆறு மணி

ஆறுமணிக் குருவியை விட்டுவிட்டோமே! அன்று அஸருக்குப் பின் மாமி பெட்டியைத் தாமே சுமந்து வந்தார். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பின்னே வந்தனர். யாரும் பேசக் கூடாது, யாரும் தொடக் கூடாது என்பது மாமியின் கட்டளை. என் கொல்லையில் சருகு மூடிய மூலையில், மாதுளைச் செடியின் கீழே பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு விலகி நின்றோம். நெடுநேரம் அசைவில்லை. பின்னர் ஒரு தலை வெளியே வந்தது. இரண்டு தாவல். சருகைப் புரட்டி ஏதோ ஒரு பூச்சியைக் கொத்தி விழுங்கியது. குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது. அப்புறம் மதிலோரப் புதருக்குள் மறைந்துவிட்டது.

"நாளைக்கு இருக்குமா?" என்று ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள்.

"இருந்தா உங்க வீட்டுக் கொல்லையிலே பாத்துட்டு எங்கிட்டச் சொல்லு" என்றார் மாமி.

மறுநாள் மாலை, மஃரிபுக்குச் சற்று முன், மூன்றாம் வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டு சுருதியில் தெளிவாக ஒரு சீழ்க்கை எழுந்தது. அடுத்த நிமிடமே என் கொல்லைவாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்தச் சிறுமி நின்றிருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. செய்தியை இரகசியம்போல் தணிந்த குரலில் சொன்னாள்.

வாசகர்களே! நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் கொல்லையிலும் மாடியிலும் கடலோரத்திலும் குளக்கரையிலும் விருந்தினர் வந்து போகிறார்கள். இன்று மாலை பக்கத்து வீட்டாரிடம், "இங்கே என்ன குருவி வருகிறது?" என்று ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். குருவியைப் பற்றி அறிவதோடு பக்கத்து வீட்டாரையும் அறிந்து கொள்வீர்கள்.